மஹ்பூபாவின் தண்ணீர் பாட்டில்

மஹ்பூபாவுக்கு மூலக்குளம் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. கல்யாணமான நாளிலிருந்து டவுனுக்குள் முல்லா வீதியில் குடியிருந்தவள். கணவர் ஹாஜாவின் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து அந்த வீட்டை விற்றபோது, கைக்கு வந்த பங்குக்கு டவுனுக்கு வெளியே மூலக்குளத்தில்தான் வீடு அமைந்தது. புது வீடு, வழவழவென்று தரை, பின்பக்கம் துவைக்கிற கல், குழாய். எதுவும் அவள் கண்ணில் படவில்லை. சாயங்காலம் ஆனால் இங்கே மனுஷர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டாள். டி.வி. பார்ப்பார்கள் என்றார் ஹாஜா. அதற்குப் பிறகு சில நாள் அவருக்குச் சோறு வந்ததே தவிர பேச்சு வரவில்லை.

அப்புறம் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றானது. உறவுக்காரர்கள் வந்து அழுதார்கள், அவளும் சேர்ந்து அழுதாள். ஆனால் ஆஸ்பத்திரி டவுனுக்குள் இருந்தது. அதை அவள் சீக்கிரமே கண்டுகொண்டாள். டயாலிசிஸ் நாளுக்கு முதல் நாளே புடவை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டில் யார் கேட்டாலும் "ஊருக்குள்ள போறேன்" என்பாள், ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

ஹாஜாவுக்குப் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒரு சின்னக் கடை. சூட்கேஸுக்குச் சக்கரம் மாற்றுவார், பைகளுக்கு ஜிப் தைப்பார். மெஷினிலிருந்து அவளை இறக்குகிற நேரத்துக்குக் கடையை மூடிவிட்டு ஆட்டோவோடு போய் நிற்பார். நேராக வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியவள்தான். கை கால் துவண்டு, முகம் வெளுத்து வருவாள். ஆனால் ஆட்டோக்காரரிடம் மார்க்கெட் வழியாகப் போகச் சொல்வாள், அதுவும் மெதுவாக. பூக்கட்டுகிறவர்கள் பக்கம் வந்ததும் மூச்சை இழுத்துக்கொள்வாள். மீன் பக்கம் வந்ததும் எந்த மீன் வந்திருக்கிறது என்று தலையை வெளியே நீட்டுவாள். அவள் மீன் சாப்பிட்டே வெகுகாலம். இருந்தாலும் விலை கேட்பாள், கேட்டு அநியாயம் என்று சண்டையும் போடுவாள். சண்டை முடிந்ததும் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடும்.

அவளுக்கு இருந்த பெரிய தண்டனை தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீர் உடம்பை விட்டு வெளியே போக வழியில்லாததால், ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழம்பு, மோர், மாத்திரைக்கு விழுங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்வாள், நாளெல்லாம் அதைத்தான் மடக்கு மடக்காகத் தொட்டுக்கொள்வாள். டவுனுக்குப் போகிற நாளில் மட்டும் பாட்டிலிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீரை எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவாள். அது மார்க்கெட்டில் கன்னியப்பன் கடையில் குடிக்கப்போகிற டீக்கு ஈடு. கன்னியப்பன் வில்லியனூர்ப் பக்கத்து விவசாயி, டவுனுக்கு வந்து டீக்கடை போட்டவர். அவளுக்கென்று ஒரு சின்ன கிளாஸ் தனியாக வைத்திருந்தார். அந்த டீயை அவள் குடிக்கிற அழகைப் பார்த்தால் பாலில்லாத வீட்டுக் குழந்தைக்குப் பாயசம் கிடைத்த மாதிரி இருக்கும்.

ரமலான் மாதத்தில் ஊரே நோன்பு பிடிக்க, நோயாளி என்பதால் அவளுக்கு மட்டும் நோன்பு இல்லை. "நீங்கள்லாம் ஒரு மாசம். எனக்கு வருஷம் பூரா நோன்பு" என்று சிரிப்பாள். கேட்டவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

ஹாஜா அவள் எதிரில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். அப்படி ஒரு முடிவு எடுத்ததாக யாரிடமும் சொல்லவில்லை. தாகமெடுத்தால் பின்பக்கம் போவார். குழாயைச் சத்தமில்லாமல் திறந்து, கையில் ஏந்திக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் விக்கினாலும் எச்சிலை விழுங்கிக்கொள்வார். கன்னியப்பன் கடையிலும் தனக்கு டீ வேண்டாம், வயிறு சரியில்லை என்பார். வருஷக்கணக்காக ஒரு மனுஷனுக்கு வயிறு சரியில்லாமல் இருந்தது.

டீக்குப் பிறகு கடற்கரை. சாயங்காலமானால் பீச் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் தடுப்பு போடுகிற முனையில் இறங்கி, ஹாஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து, கடலைப் பார்த்த குட்டைச் சுவரில் உட்காருவாள். வெளியூர்ப் பிள்ளைகள் வெள்ளைக்காரர் காலத்து மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பதைப் பார்த்து, முல்லா வீதி வீட்டுக்கும் மஞ்சள் அடித்திருந்தால் விற்காமல் டிக்கெட் போட்டுப் பிழைத்திருக்கலாம் என்பாள். காற்று வாங்கியபடி, டாக்டர் அனுமதித்தால் முதலில் எதைக் குடிப்பது என்று பேசுவாள். இளநீர் என்பாள், பன்னீர் சோடா என்பாள். எப்படிச் சுற்றினாலும் கடைசியில் நன்னாரி சர்பத்தில்தான் வந்து நிற்பாள், முழு கிளாஸ், ஐஸ் போட்டு.

இந்த வருஷம் ரமலான் முடிந்து வெயில் ஏறிய நாட்களில் அவள் உடம்பு மெஷினுக்கு ஒத்துழைக்க மறுத்தது. கையில் ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. கழுத்தில் குழாய் போட்டால் காய்ச்சல் வந்தது. மெஷினில் ஏற்றினால் பிரஷர் பாதாளத்துக்கு இறங்கியது. ஒரு நாள் டாக்டரம்மா ஹாஜாவை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இனிமேல் ஏற்றினால் மெஷினிலேயே போய்விடுவார்கள், வீட்டுக்குக் கூட்டிப்போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு முட்டினால் மருந்து தருகிறோம் என்று மெதுவாகச் சொன்னார். ஹாஜா தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். போகும்போது டாக்டரம்மா அவர் கையைத் தொட்டு, "ஆசப்பட்டதக் குடுங்க. தண்ணிக்கு இனிமே அளவு வேணாம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஹாஜா உள்ளே போனார். மீதியை வராந்தாவிலேயே விட்டுவிடலாம் என்று நினைத்தார், பாவம். முகத்தைச் சரிசெய்துகொண்டு, இனி தண்ணீருக்குக் கணக்கு இல்லையாம் என்றார். மஹ்பூபா அவரை நன்றாகப் பார்த்தாள். கட்டிலுக்கடியில் காலால் செருப்பைத் தேடினாள்.

"அப்ப பீச்சுக்குப் போவோம்."

அன்றைக்கு அவளால் நடக்க முடியவில்லை. போலீஸ்காரர் நிலைமையைப் பார்த்துத் தடுப்பை நகர்த்தி, ஆட்டோவைச் சுவர் வரைக்கும் விட்டார். ஹாஜா ஓடிப்போய்ச் சர்பத் வாங்கிவந்தார், முழு கிளாஸ், ஐஸ் மிதக்க. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கிளாஸுக்கு வெளியே வியர்த்துப் புடவை நனைந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டார்.

"பாங்கு சொல்லட்டும். இவ்ளோ நாள் இருந்துட்டேன், இன்னும் கொஞ்ச நேரந்தானே."

வானம் மங்கி, முல்லா வீதிப் பக்கமிருந்து, நோன்பு திறக்கிற நேரத்து மஃரிப் பாங்கு காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. மஹ்பூபா பிஸ்மி சொல்லி, கண்ணை மூடிக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை ஹாஜா பார்த்துக்கொண்டிருந்தார். பாதி கிளாஸில் நிறுத்திவிட்டாள். இன்னும் குடி, யாரும் திட்டமாட்டார்கள் என்றார் அவர். போதும் என்றாள். அத்தனை காலத் தாகத்துக்கு அந்த உடம்பில் பாதி கிளாஸுக்குத்தான் இடமிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் ஹாஜாவுக்கு நெஞ்சு உடைந்தது.

அவள் கிளாஸை அவரிடம் நீட்டினாள். "இத நீங்க குடிங்க."

அவர் வழக்கம்போல வயிற்றைச் சொல்ல வாயெடுத்தார்.

"பொய் சொல்லாதீங்க. பொறவாசல்ல கொழாய் தொறக்குற சத்தம் எனக்குக் கேக்காதா? தெனம் கேட்டுக்கினுதானே படுத்திருந்தேன்." மூச்சு வாங்க நிறுத்தினாள். "டாக்டரு எதுக்கு இன்னிக்கு இவ்ளோ தாராளமாயிட்டாங்கன்னும் தெரியும். அழுவாதீங்க. என் எதிர்ல ஒரு வாட்டி ஒக்காந்து ஆசையாக் குடிங்க, நான் பாக்கணும்."

ஹாஜா குடித்தார். கண்ணீரும் சேர்ந்து இறங்கியது. அடியில் ஐஸ் தங்கும்வரை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள், மீன் வாங்காமலே மீனைப் பார்க்கிறவள் ஆயிற்றே. காலியானதும் திருப்தியாக, "நல்லாருந்துச்சா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். இருட்டுகிற வரைக்கும் இருவரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரமே மஹ்பூபா மவுத்தானாள். அடக்கம் டவுனிலேயே நடந்தது. மூலக்குளத்தில் வைக்கக் கூடாதென்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

இப்போதும் தாகமெடுத்தால் ஹாஜாவின் கால் தன்னால் பின்பக்கம்தான் போகிறது. குழாயில் கை வைத்ததும் நினைவு வந்துவிடும். உள்ளே திரும்பி, டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அவள் படுத்திருந்த கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, பிஸ்மி சொல்லிக் கடைசிச் சொட்டு வரை குடிக்கிறார்.