எர்த் குழியில் ஊற்றிய உப்புத் தண்ணீர்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வருமா, ஓனர் மாடியிலேயே குடியிருக்கிறாரா என்றுதான் கேட்பார்கள். விழுப்புரத்தில் நான் வீடு தேடி அலைந்தபோது முதலில் பின்பக்கம் போய் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். ஓனர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அப்படியொரு குழிக்கு ஒரு காலத்தில் நான் செய்த பணிவிடை அவர்களுக்குத் தெரியாது.

அப்போது திண்டிவனத்தில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. என் படிப்புக்காகத்தான் பெருமுக்கல் பக்கத்திலிருந்து டவுனுக்குக் குடிவந்தோம். அப்பா கொத்தனார். ஊர் முழுக்க வீடு கட்டுகிறவருக்குக் குடியிருக்க ஒரு வீடு கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. எந்த ஊர் என்று கேட்பார்கள். சொன்னால் விடமாட்டார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். அதையும் சொல்லிவிட்டால், அந்த வீடு நேற்றே வேறு யாருக்கோ பேசி முடிந்திருக்கும். இப்படிப் பல வீடுகள் நேற்றே முடிந்துபோன பிறகு ரயில்வே லைன் ஓரம் ஒற்றை அறை வீடு ஒன்று கிடைத்தது. அந்த ஓனர் ஒன்றுமே கேட்கவில்லை. பெரிய மனசு என்று அப்பா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு யாரும் குடிவராத வீடு அது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

அம்மா இட்லி மாவு அரைத்து விற்றாள். கிரைண்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அதனால் அம்மா ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, மணைப்பலகை மேல் ஏறி நின்றுதான் மாவு தள்ளுவாள். அடுப்படியில் செருப்பு போடுகிற அம்மா தெருவிலேயே எனக்கு மட்டும்தான் என்று எனக்கு அதில் ஒரு பெருமை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் நானும் புறங்கையால் கிரைண்டரைத் தொட்டு, யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்று பந்தயம் கட்டுவோம். சுரீரென்று முழங்கை வரைக்கும் ஏறும். எப்போதும் நான்தான் ஜெயிப்பேன்.

அம்மாவின் தம்பி விழுப்புரத்தில் ஒயரிங் வேலை செய்துகொண்டிருந்தார். ஒருநாள் எங்களைப் பார்க்க வந்த மாமா இந்தப் பந்தயத்தைப் பார்த்துவிட்டார். அதுவரை என்மேல் கை நீட்டாதவர் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு பின்பக்கம் போய், எர்த் கம்பி இறங்குகிற குழாயைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். விழப்போகிற பால்பல் மாதிரி அது ஆடியது. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டிய குழாய் அது. ஒரு முழம்கூடப் புதைத்திருக்கவில்லை, சுற்றிலும் மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மாமா ஓனரிடம் போய்ச் சொன்னார். குடியிருக்கிறவன் சொன்னாலே காதில் வாங்காதவர், குடியிருக்கிறவனின் மச்சான் சொன்னாலா வாங்கப்போகிறார்? மாமா நேரே கரண்ட் ஆபீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை சோதனைக்கு வருகிறோம், நீங்களும் இருங்கள் என்று ஆபீஸிலிருந்து ஓனருக்குப் போன் போயிற்று. சனிக்கிழமை அவர் வந்தார். சத்தம் போடவில்லை. வண்டியைவிட்டு இறங்காமலே அப்பாவிடம் பேசினார்.

"த பாருப்பா, எதுக்கு பேஜாரு? எர்த்து சரியில்லன்னு எழுதிட்டா கனெக்‌ஷன புடுங்கிக்கினு போயிடுவான். நான் வீட்ட இடிச்சிட்டு கடை கட்டிக்குவேன். நீ எங்க போவ?"

நாங்கள் எங்கே போவோம் என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வழியையும் அவரே சொன்னார். ஞாயிறு முழுக்க அந்தக் குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மண் ஊறிவிட்டால் சோதனை பல்பு பளிச்சென்று எரியும், வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டானே உன் மச்சான் என்று அங்கலாய்த்துவிட்டு, நாலு பாக்கெட் கல் உப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் பாதுகாப்புக்காக அவர் செய்த ஒரே செலவு அதுதான்.

தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மா கேட்டாள். அப்பா உப்புப் பாக்கெட்டுகளை எடுத்து உள்ளே வைத்தார். தண்ணீர் ஊற்றுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டைக் காப்பாற்றுகிற வேலை என்று அப்பா சொல்லியிருந்தார். தெருக்குழாயிலிருந்து குடம் குடமாய்க் கொண்டுவந்து, உப்பைக் கரைத்துக் கரைத்து ஊற்றினேன். இடுப்பு வலித்தது, ஆனால் அன்றைக்கு இருந்த சந்தோஷம் ஒரு பொங்கலுக்கும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை ஆய்வாளரும் ஒயர்மேனும் வந்தார்கள். ஓனர் வெள்ளைச் சட்டையில் வந்தார். மாமா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒயர்மேன் சோதனை பல்பின் ஒரு முனையைக் கரண்டிலும் மறுமுனையை எர்த் கம்பியிலும் வைத்தார். பல்பு கல்யாண வீட்டு விளக்காக எரிந்தது.

மாமா குழிக்குப் போய்க் குனிந்து மண்ணைத் தொட்டார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவே குனிந்த பிறகு தம்பி என்ன பேசுவார்?

ஆய்வாளரும் அந்த ஈரத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் வந்து நிதானமாகக் கேட்டார். "ஏம்மா, தொட்டா ஷாக் அடிக்குதா? யாருக்கும் பயப்படாத. நீங்க சொன்னாதான் நான் எழுத முடியும்."

அம்மா "சார்" என்றாள். அதற்கு மேல் ஒரு கணம் வார்த்தை வரவில்லை. அம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை, எல்லாம் கெட்டது என்று எனக்குப் பதறியது. நான் முந்திக்கொண்டேன்.

"அதெல்லாம் அடிக்காது சார். நான் டெய்லி தொடறேன்."

ஓனர் சிரித்தார். பாப்பா நல்ல கெட்டிக்காரி என்றார். ஆய்வாளர் இன்னும் கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா என் தலையில் கையை வைத்தாள். அவர் எழுதினார். புகாரில் உண்மை இல்லை என்று மாமாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அம்மா கலந்துவைத்த டீயைத் தொடாமல் மாமா கிளம்பிப் போனார். அப்பா எனக்குப் பரோட்டா வாங்கித் தந்தார்.

பங்குனி வெயிலில் குழி காய்ந்தது. ஒருநாள் நான் பள்ளி விட்டு வரும்போது வீட்டு வாசலில் கூட்டம். மாவு வழித்துக்கொண்டிருந்த அம்மாவைக் கிரைண்டர் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா துடைப்பக் கட்டையால் அடித்துப் பிரித்திருக்கிறார். உயிர் தப்பியது. வலது கையில் மூன்று விரல் அன்றிலிருந்து மடங்குவதில்லை. ஓனர் ஆஸ்பத்திரிக்கே வந்து, கவர்மென்ட் ஆளே வந்து பார்த்து நல்லா இருக்குதுன்னு எழுதின வீடு, கோளாறு உங்கள் கிரைண்டரில்தான் என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். அடுத்த மாதம் காலி செய்யச் சொன்னார். அவர் பேச்சுக்குச் சாட்சி நான்தான். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் நாக்கின் மேல் ஆத்திரம் வருகிறது.

அம்மா ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டாள். எனக்கு வேலை கிடைத்த பிறகு, ஒரு மத்தியானம் கேட்டேவிட்டேன். அன்றைக்கு 'சார்' என்று ஆரம்பித்தாயே, என்ன சொல்ல வந்தாய் என்று.

உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாளாம். வீடு போனால் போகட்டும் என்று அந்த நிமிஷம் துணிந்துவிட்டாளாம்.

"அப்புறமும் அவர் உன்னையே பாத்துக்கினு இருந்தாரேம்மா. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா தட்டில் இருந்த சோற்றைத்தான் பார்த்தாள்.

"எப்படிடீ சொல்றது? நீதான் அடிக்கலன்னு சொல்லிட்டியே. நான் அடிக்குதுன்னா, அத்தினி பேரு எதிர்ல எம் பொண்ணு பொய் சொல்றான்னு ஆயிடாது?"