ஒரு சாண் தள்ளி

கிடங்கின் கூரையில் விளக்கு மாட்டுவது அப்பாவின் வேலை. அவர் சிசர் லிஃப்ட் என்ற தூக்கு மேடையில் மேலே போனதும், கீழே ஆள் வராமல் பார்த்துக்கொள்வது அம்மாவின் வேலை.

ஒருநாள் கடைசி விளக்கு எட்டவில்லை. அப்பா கைப்பிடிக் கம்பியில் ஏறி வெளியே சாய்ந்தார். லிஃப்ட் ஆடியது.

"கீழ இறக்கி, நகர்த்திட்டு ஏறுங்க!" என்று கத்தினாள் அம்மா.

"ஒரு சாண்தான்டி!"

அம்மா அவர் சாய்ந்த பக்கத்துக்கு நேர் கீழே போய் நின்றாள். "சரி, சாயுங்க. விழுந்தா சேர்ந்தே போவோம்."

அப்பா லிஃப்டை இறக்கினார். ஒரு சாண் நகர்த்திவிட்டு மறுபடி ஏறினார்.

"ஒரு விளக்குக்கு ரெண்டு தடவ ஏறுறவரு வந்துட்டாருப்பா" என்று கூட வேலை செய்பவர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள்.

"கீழ நிக்கிறது யாருன்னு பாத்தீங்கல்ல?" என்பார் அப்பா.