விருப்பப் பாடம் யாருடைய விருப்பம்?

இன்று மாலை சிவகாசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றபோது, விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலை நடத்தும் ஒருவர் என்னை வழிமறித்தார். நான் பகுதிநேரமாகச் சட்டம் கற்பிக்கும் கல்லூரியில் அவருடைய மகள் வணிகவியல் படிக்கிறாள். அவளும் உடனிருந்தாள்.

“பாடம் நடத்தத்தான சார் உங்களக் கூப்பிட்டிருக்காக? எம்மக எத எடுக்கணும்னு நீங்க எதுக்குச் சொல்லுதீக?”

வருமான வரியை விருப்பப் பாடமாக எடுக்கும்படி அவர் சொல்லியிருக்கிறார். அவளோ தொழிலாளர் சட்டத்தை எடுத்துவிட்டாள்.

எதையும் எடுக்கச் சொல்லவில்லை, இரண்டும் எதற்கு உதவும் என்று கேட்டாள், விளக்கினேன், முடிவு அவளுடையது என்றேன்.

“எங்கிட்ட வேல பாக்குறவுகளுக்கு வக்காலத்து வாங்கவா இவளப் படிக்க வைக்கேன்?”

மகள் குறுக்கிட்டாள். “லேபர் இன்ஸ்பெக்டர் வந்தா நீங்க பின்வாசல் வழியாப் போயிருதீக. முன்னால நின்னு பதில் சொல்ல ஒரு ஆளு வேண்டாமாப்பா?”

கடைக்காரர் சிரித்துவிட்டார்.

“நாளைக்கே மாத்தச் சொல்லுங்க சார்,” என்றார் தந்தை.

மாட்டேன் என்றேன். நிர்வாகத்திடம் புகார் செய்வாராம். தாராளமாகச் செய்யட்டும். கேட்டு வரும் மாணவருக்கு இனியும் விளக்குவேன்.

மாணவிக்கு முன்னுள்ள வழிகளை எடுத்துச் சொல்வது எந்தப் பிரிவின்கீழ் குற்றம் என்று அறிந்தவர்கள் பின்னூட்டத்தில் தெரிவிக்கலாம்.