இருசம்மாள் குடிசையில் ஐந்தாவது ஆள்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை இருந்த காலம். வெளியூர் ஆளுக்கு வீட்டில் இடம் கொடுக்க வேண்டுமானால் கோட்டைச் சீட்டு வேண்டும். எத்தனை பேர், எந்த ஊர், எத்தனை நாள் என்று ஓலையில் எழுதி அரக்கு முத்திரை வைத்துத் தருவார்கள். கோட்டைக்குள் வெடிமருந்து இடித்ததாலும், மயிலாப்பூரில் போர்த்துகீசியப் பரங்கிகள் பகையாக இருந்ததாலும், வருகிறவர் யார் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு கவனம். எண்ணிக்கை தவறினால் வீட்டுக்குப் பூட்டு.

கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு இருசம்மாளுக்கு மிஞ்சியது ஏரிக்கரையில் ஒரு நீளக் குடிசை. தெற்கிலிருந்து மீன்பிடிக்க வருகிறவர்களை அதில் இரண்டு மாதம், மூன்று மாதம் தங்கவைத்துப் பிழைத்தாள்.

அந்த வருஷம் அங்கமுத்துவும் கூட்டாளிகள் மூவரும் வந்தார்கள். கோட்டை வாசலில், ஒல்லாந்தருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷ் கேசவன், எத்தனை பேர் என்று கேட்டான். இருசம்மாள் யோசிக்காமல் ஐந்து என்றாள். ஓலையில் ஐந்து ஏறியது.

எட்டாம் நாள் காலை கேசவன் சிப்பாய்களோடு வந்து எண்ணினான். நாலு தலைதான் இருந்தது.

“அஞ்சாவது ஆளு எங்கம்மா?”

“உள்ள படுத்துனு கீது சாமி.”

கேசவன் உள்ளே எட்டிப் பார்த்தான். குடிசையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு வலை கிடந்தது.

“இன்னா, விளையாடுறியா? மயிலாப்பூர் பரங்கிக்கு வேவு சொல்லப் போயிட்டானா அவன்?”

“வலைதான் சாமி. புடிச்ச மீனை அஞ்சு பங்கு வெக்கிறாங்க. ஆளுக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணு. பங்கு வாங்குறத எண்ணாம உடலாமா?”

“இத நான் அதிகாரிகிட்ட சொன்னா என் தலைப்பாகை போயிடும். பொழுது சாயறதுக்குள்ள அஞ்சாவது ஆளு கோட்டைக்கு வரணும். இல்லேன்னா பூட்டு.”

“வரும்,” என்றாள்.

“நடந்து வருமா அக்கா?” என்றான் அங்கமுத்து.

“தடிமாடு மாதிரி நாலு பேர் எதுக்குடா கீறீங்க?”

இருசம்மாளும் தோள் கொடுக்க, ஐந்து தோள்களில் வலை கோட்டைக்குள் போனது. ஒல்லாந்து அதிகாரி சிரித்துக்கொண்டேதான் முற்றத்துக்கு வந்தார். “விரிங்கடா,” என்றாள் இருசம்மாள்.

விரித்தார்கள். வடக்கு மதிலைத் தொட்டது. மடங்கித் தெற்கு மதிலுக்கு வந்தது. மறுபடி வடக்கே போனது. இன்னும் பாதி சுருளில் இருந்தது. சிப்பாய்கள் பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஓரத்தில் உள்ளங்கை அகலமாகத் தொடங்கிய வலைக்கண்கள், மீன் சேரும் மடி வரவர விரல் நுழையாத அளவுக்குச் சிறுத்தன. ஒரு முடிச்சும் கோணவில்லை. காய்ந்த செதில்கள் வெயிலில் மினுங்கின. முற்றமே மூச்சுவிடுவது போல அது காற்றில் எழும்பி அடங்கியது.

ஒரு சிப்பாய் பூட்ஸ் காலை வைத்துவிட்டான். “ஏய், காலை எடு!” என்று கத்தினாள் இருசம்மாள். மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவன் குதித்து விலகினான்.

அதிகாரி வலையோரமாகவே கடைசிவரை நடந்து திரும்பினார். சிரிப்பு போயிருந்தது. ஏதோ கேட்டார்.

“யாரு முடிச்சு போட்டதுனு கேக்குறாரு,” என்றான் கேசவன்.

“நாங்க நாலு பேருதான். மூணு வருசம்,” என்றான் அங்கமுத்து.

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து ஒரு முடிச்சைத் தொட்டார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை சொன்னார்.

“பூட்டு இல்ல. நாலு ஆளு, கீழ தனியா ஒரு வலைனு மாத்தி எழுதச் சொல்றாரு.”

“தனியா வேணாம் சாமி. அவங்களோட வரிசையில எழுதுங்க,” என்றாள் இருசம்மாள்.

கேசவன் அதை அதிகாரிக்குச் சொன்னான். அவர் இன்னும் முடிச்சிலிருந்து கண்ணெடுக்காமல் தலையசைத்தார். கேசவன் எழுத்தாணியை எடுத்தான்.