பொன்னுச்சாமி கை நனைத்த இடம்

குஜிலியம்பாறை பொன்னுச்சாமிக்குப் பிடிவாதம் கூடவே பிறந்தது. வானம் பார்த்த பூமியில் கடலை போட்டு, மழை பொய்த்தால் வானத்தைத் திட்டி, பெண்டாட்டி போன பிறகு மகன் முகேஷ்குமாரை ஒற்றை ஆளாக வளர்த்தவர். சொந்தத்தில் யாருக்குப் பெண் பார்க்கப் போனாலும் அவர்தான் முன்னால் நிற்பார். சம்மதம் சொல்லுமுன் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது, நனைத்தால் சம்மதம் என்பது ஊர் வழக்கம். அவருக்கு அது சட்டம். வத்தலக்குண்டில் ஒருமுறை நீட்டிய காபியைக்கூடத் தொடாமல் பட்டினியாகத் திரும்பியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவரைப் பெண் பார்க்க மகன் கூட்டிவந்தது திண்டுக்கல் பைபாஸில் இருக்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் பொரித்த கோழிக்கடைக்கு. பெண் தமிழ்மதிக்கு அங்கே மேனேஜர் வேலை. எரியோட்டு விவசாயி காமராஜின் மகள்.

"கடையில நின்னு கோழி பொரிக்கிற பிள்ள நமக்கு வேணாம்ப்பா. ஊருக்குப் போயிச் சொல்லி விடுறோம்னு எந்திரிச்சு வந்துருவேன்" என்று பஸ்ஸிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். முகேஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உள்ளே நுழைந்ததும் மனிதருக்குத் தலை கிறுகிறுத்தது. சைவத்துக்குத் தனி அடுப்படியாம். அங்கே நிற்கிறவர்கள் கோழிப்பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாதாம். சீரகச்சம்பா பிரியாணி காகித வாளியில் போகிறது. அதுகூடப் போகட்டும். பெண் பார்க்க வருகிறவர்களுக்கென்றே தனி அறை, தரையில் ஜமுக்காளம், தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ.

"ஏலே, வெள்ளக்காரன் கம்பெனிக்கு வெத்தலத் தாம்பாளத்த யாருடா சொல்லிக் குடுத்தது?"

"தமிழ்மதிதான்ப்பா. மேலிடத்துல பேசி வாங்குனது."

பொன்னுச்சாமி காமராஜுக்கு எதிரே வாய் பிளந்து உட்கார்ந்தார். கடைக்காரப் பெண் ஒருத்தி எல்லார் முன்னாலும் சின்னக் கிண்ணத்தில் கேசரி வைத்துவிட்டுப் போனாள். விடியுமுன் பஸ் ஏறிய வயிறு. கண் தாம்பாளத்தைவிட்டு அகலவில்லை. கை தன்பாட்டுக்கு அள்ளி வாயில் போட்டது. பாதிக் கிண்ணம் காலியான பிறகுதான் அறையில் பேச்சு நின்றுபோனதைக் கவனித்தார். வேறு யாரும் கேசரியைத் தொடவில்லை.

காமராஜ் கண் கலங்கக் கும்பிட்டார். "ரொம்ப சந்தோசம் சம்பந்தி. கை நனைச்சுட்டீக."

பொன்னுச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவன் இப்படியா குப்புற விழுவான் என்று விக்கித்துப் போனார். இனி மறுத்தால் இத்தனை வருஷ நியாயமும் போச்சு. மறுக்காவிட்டால் வேண்டாத மருமகள்.

தமிழ்மதி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா, செத்த இருங்க. இது கடைக்கு வாரவுக எல்லாருக்கும் குடுக்கிறது. நம்ம வீட்டுச் சாப்பாடு இல்ல. இத வச்சு அவுகளக் கட்டிப்போடக் கூடாது. மாமா, நீங்க மனசுல உள்ளதச் சொல்லுங்க."

காமராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவின் பதில் தெரிந்த முகேஷின் முகத்தில் ஈயாடவில்லை.

பொன்னுச்சாமி அவளையே பார்த்தார். அவரை ஒரு வாய் சாப்பிட வைத்துச் சம்மதம் வாங்கப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். சாப்பிட்ட பிறகும் கதவைத் திறந்துவிட்டவள் இவள் ஒருத்திதான். அதுவும் தன் கல்யாணமே போகும் என்று தெரிந்து. பஸ்ஸில் பேசிய பேச்சை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

தண்ணீரைக் குடித்து முடித்தார். "நீ சொல்றது சரி ஆத்தா. கடைச் சாப்பாடு கணக்குல சேராது."

முகேஷ் எழுந்திருக்கப் போனான். அவன் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு அவர் கேட்டார்:

"அப்ப உங்க வீட்டுல என்னைக்கு ஆத்தா எனக்கு இலை போடுவ?"