சாக்கடையில் கொட்டிய குடல்

பெற்ற மகளான என்னை அத்தா அடித்தது ஒரே ஒரு தடவைதான். திண்டுக்கல்லில் எங்கள் ஆட்டுக்கறிக் கடையில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். மதுரையில் ஒரு ஆய்வகத்தில் குடல் கட்டிகளை இடித்துக்கொண்டிருந்தேன். ஆம், இடிப்பதுதான் வேலை. ஆப்பரேஷனில் எடுத்த துண்டைக் கல்லாக உறையவைத்து, பீங்கான் உரலில் பொடியாக்கி, எந்த மரபணு வேலை செய்கிறது, எது அடங்கிவிட்டது என்று பார்ப்போம். சாதுவான கட்டி புற்றாகும்போது, செல்களைக் கட்டுக்குள் வைக்கும் மரபணுக்கள் அடங்கிப்போகும். பக்கத்துச் சதையை அரிக்க உதவுபவை தலைதூக்கும். இதைத் தினமும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மலத்தில் ரத்தம் போவதை மூலச்சூடு என்று சொல்லி அத்தா மோர் குடித்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இழுத்துப் போய்க் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வைத்தேன். பெரிய கட்டி, இப்போதைக்குப் புற்று இல்லை, ஆனால் ஆப்பரேஷன் செய்து எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். புற்று இல்லை என்றது மட்டும்தான் அத்தா காதில் ஏறியது.

கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன்.

“புத்து இல்லேன்னுட்டாருல்ல? பெறகு எதுக்கு வயித்தக் கிழிக்கச் சொல்றே?”

“இன்னைக்கு இல்லத்தா. அது மாறிக்கிட்டே இருக்கு. மாறுறதத்தான் நான் தெனம் பாக்குறேன்.”

“யாவாரத்தக் கெடுக்காத, போடி!”

வெட்டுக்கத்தி கட்டையில் இறங்கியது. எலும்புச் சில்லு என் கன்னத்தில் தெறித்தது. வெறி வந்து, கழுவி வைத்திருந்த குடல் சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அறை விழுந்தது. முகமெல்லாம் ஆட்டு ரத்தம். கறி வாங்க வந்தவர்கள்தான் எங்களை விலக்கிவிட்டார்கள். அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

இரண்டு வருடத்தில் குடல் அடைத்து, அவரை மதுரைக்குத் தூக்கி வந்தார்கள். கல்லீரல் வரை பரவியிருந்தது. வெட்டியெடுப்பதில் கொஞ்சம் ஆய்வுக்குத் தரலாமா என்று டாக்டர் கேட்டார். அத்தா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“அவகிட்டயே குடுங்க. இதயும் சாக்கடைல கொட்டிறாம பாத்துக்கிடச் சொல்லுங்க.”

ஐஸ் பெட்டியில் இரண்டு துண்டுகள் வந்தன. நடுவிலிருந்து புற்று. ஓரத்திலிருந்து, இன்னும் புற்றாகாமல் மிச்சமிருந்த பழைய கட்டி. யாரையும் தொட விடவில்லை. அழுதுகொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு, நானே இடித்தேன்.

புற்றில் அடங்கிப்போயிருந்த மரபணுக்கள் ஓரத்துத் துண்டில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தன. கடையில் நான் கத்திய அன்று அத்தா வயிற்றில் இருந்தது புற்றாகாத அந்தக் கட்டி மட்டும்தான்.