ஆட்டம் இல்லாத வாரம்

என் கொழுந்தன் டுவேனைக் கட்டிக்கொண்டு ஆர்டிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கைக்குழந்தைக்காரி. அவளுடைய அம்மாவைப் பெற்றவளும் என் மாமியாரின் அக்காவும் ஒரே சர்ச்சில், ஒரே நாளில் மோதிரம் மாற்றியவர்கள். அதனால் அவள் எங்களுக்கு அந்நியமில்லை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஊரில் பாதிப் பேர் அவள் கையால் தின்று வளர்ந்தவர்கள்.

அயோவா சிட்டியை அவள் தெரிந்துகொண்டது பொழுதுபோக்கப் போய் அல்ல. தானியம் ஏற்றும் இயந்திரத்தில் டுவேனின் கால் மாட்டிக்கொண்ட வருஷம், அங்கே பல்கலைக்கழகத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் அவனைக் கிடத்தியிருந்தார்கள். கையில் காசில்லாமல் அந்த இலையுதிர்காலம் முழுக்க அவள் அங்கேயே கிடந்தாள். காரை எங்கே சும்மா விடலாம், எந்த அருங்காட்சியகத்தில் டிக்கெட் கேட்க மாட்டார்கள், சனிக்கிழமைச் சந்தையில் கடை கட்டும் நேரத்தில் யார் ஆப்பிளை அள்ளிக் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அப்போது படித்ததுதான். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யார் அந்த ஊருக்குப் போவதானாலும் முதலில் அவளுக்குத்தான் போன் போடுவார்கள்.

"ஆட்டம் இருக்கற வாரம் மட்டும் போயிடாதீங்க. ரூமுக்கு மூணு மடங்கு பிடுங்குவான், அதுவும் ரெண்டு ராத்திரி கட்டாயம்னுவான்" என்பாள். அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பல்கலைக்கழகத்துக் கால்பந்து அணி வெளியூரில் ஆடுகிற வாரமாகப் பார்த்து எல்லோரையும் அனுப்பிவைப்பாள்.

வயது போன பிறகு பெற்ற ஒரே மகள் டெஸ்ஸா. அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தாள். ஆட்டத்துக்கு வாசிக்கிற பாண்டில் டிராம்போன் ஊதினாள். ஒருநாள் போனில், "பாண்டை விட்டுடப் போறேன்மா. எல்லாருக்கும் வீட்லேர்ந்து ஆள் வருது. நான் யாருக்காக ஊதறேன்?" என்று சொல்லிவிட்டாள். டிராம்போனை விற்கக்கூட ஆள் பார்த்துவிட்டாளாம்.

ஆர்டிஸ் அன்று சாப்பிடவில்லை. மறுநாளே என்னிடம் வந்தாள்.

"அக்கா, கிளம்புங்க. அவ விக்கறதுக்கு முன்னால ஒரு தடவையாவது நாம முன்னால நின்னு கேட்கணும். அவகிட்ட மூச்சு விடாதீங்க, திடீர்னு போய் நிக்கலாம்."

மைதானத்துக்குள் போக டிக்கெட் வாங்க எங்களுக்குக் கட்டாது. ஆனால் பாண்டு தெருவில் ஊதிக்கொண்டே மைதானத்துக்கு நடக்கும். அதை நின்று பார்க்க யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். அவள் கணக்கு அதுதான். ஊருக்கு வெளியே மலிவாக ஒரு ரூம் பிடித்தாள், பூங்காவில் கூரை போட்ட இடம் ஒன்றைச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்தாள். மெதுவாக வேகவைக்கிற மின்சாரப் பானையைக் காரில் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குள் நுழைந்தோம். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. டுவேன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏன் ஆர்டிஸ், நாளைக்கு ஆட்டம்னா, ஒரு வீட்டு முற்றத்துலகூட கார் நிறுத்தக் காசு கேட்கிற பலகை இல்லையே? அணியோட மஞ்சக் கொடி ஒண்ணுகூடக் காணோம்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. வழக்கம்போல ரூம் மலிவான வாரத்தைப் பிடித்துவிட்டாள். அணி ஊரில் இல்லை. ஆட்டமில்லாத இடத்தில் பாண்டு ஏது?

"ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிப்போச்சு அக்கா" என்றாள்.

"போகட்டும் அண்ணி, ரூம் மலிவுதானே" என்றான் டுவேன் என்னைப் பார்த்து. நான் அவன் தோளில் ஒன்று வைத்தேன்.

ரூமிலிருந்து ஆர்டிஸ் மகளைப் போனில் கூப்பிட்டாள். டெஸ்ஸா பஸ் பிடித்து வந்து, எங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் ஊதுவதைக் கேட்கத்தான் வந்தோம் என்று டுவேன் போட்டு உடைத்துவிட்டான்.

"ஏம்மா, இந்த வாரம் எங்களுக்கு வேலையே இல்லையே! நீ எதைக் கேட்க வந்த?"

ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள் பாருங்கள், சமையல்காரி கேட்கிற கேள்வி.

"உன்கூட ஊதற பிள்ளைங்கள்லாம் ஊர்லதானே இருக்கு? ஒழுங்கா சாப்பிடுதுங்களா?"

"எங்க சாப்பிடுது? நூடுல்ஸ்தான்."

"நாளைக்கு மத்தியானம் எல்லாரையும் பூங்காவுக்கு வரச் சொல்லு. வாத்தியத்தோட வரச் சொல்லு."

சாண்ட்விச்சில் வைக்கிற கொத்துக்கறி, குளியலறைப் பிளக்கில் மாட்டிய பானையில் விடிய விடிய வெந்தது. காலையில் சந்தை முடிகிற நேரமாகப் பார்த்துப் போய் ஆப்பிளும் பன்னும் வாங்கி வந்தோம். மத்தியானம் பிள்ளைகள் வந்தார்கள். சோளக்காட்டில் மேய வந்த வாத்துக் கூட்டம் மாதிரி வந்தார்கள். பானை காலியானது. வேர்க்கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் போட்டு அவள் செய்திருந்த இனிப்புத் துண்டுகளை டுவேன் தனக்கென்று ஒளித்து வைத்திருந்தான், அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிறகு வரிசையாக நின்று ஊதினார்கள். மைதானமாக இருந்தால் எங்கள் பெண் எறும்பு மாதிரி எங்கோ தெரிந்திருப்பாள். இங்கே அவள் கன்னம் உப்புவதும் நெற்றி வேர்ப்பதும் கைக்கெட்டும் தூரத்தில். நாயோடு நடந்தவர்கள் நின்றார்கள், சைக்கிள்காரர்கள் இறங்கினார்கள். வாய் ஓயாத டுவேன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

முடிந்ததும் பக்கத்தில் நின்ற உயரமான பையன், "டெஸ்ஸா, உன் வாத்தியத்துக்கு ஆள் பார்த்தியே, என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

"யாரு அதை விக்கறா? வேலையைப் பாரு" என்று அவன் காலை மிதித்தாள்.

கிளம்பும்போது அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அடுத்த வாரம் இங்கதான் ஆட்டம். வரியாம்மா?"

"ஆட்டம் இருக்கற வாரமா? ரூம் என்ன விலை விப்பான் தெரியுமா!"

"அப்ப ஆட்டம் இல்லாத வாரமாவே வா. நான் இவங்களைக் கூட்டிட்டு வரேன். பானையை மட்டும் மறந்துடாதே."

அவள் படித்து முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் போனோம். இரண்டாம் வருஷம் ஆர்டிஸ் பெரிய பானையாக ஒன்று இரவல் வாங்கிக்கொண்டாள்.